ஆறாவது தூண்

குர்லா நடைமேம்பாலத்தை
தினமும் நூறு முறை நிரப்பி
நூறு முறை காலி செய்கிறேன்.
சம்பளத்துக்குத்தான்.
லோயர் பரேலில், பதினோராவது மாடியில்,
ஏசி நேராகக் கழுத்தில் வீசும் இருக்கையில்.

ஓர் ஆள் என்றால் ஒரு புள்ளி.
எடை அறுபத்திரண்டு கிலோ,
வேகம் நொடிக்கு ஒன்றேகால் மீட்டர்,
போக வேண்டிய இடம்: படிக்கட்டு.
அவ்வளவுதான் ஒரு பிறவி.
முழங்கால் வலி கிடையாது. நனைந்த குடை கிடையாது.
தோளில் குழந்தை தூங்கினால்
புள்ளியை நாலு சென்டிமீட்டர் பெரிதாக்குவோம்.

நானூற்றுப் பதினேழாம் ஓட்டத்தில்
ஒரு புள்ளி நின்றுவிட்டது,
ஆறாவது தூணருகே, காரணமே இல்லாமல்.
மற்றவை முட்டின, பிரிந்தன, சுற்றிக்கொண்டு போயின.
அது பதினோரு நிமிடம்
அப்படியே நின்றது.

"பிழை," என்றான் ஜிக்னேஷ். "அழித்துவிட்டு மறுபடி ஓட்டு."

பிறகு கட்டிங் சாய் குடிக்கக் கீழே இறங்கினோம்.
அங்கேதான் ஆரம்பித்தான்.
வியாழக்கிழமைகளில் அவனுக்கு வரும் நோய் அது.
நம்மையும் எவனோ ஓட்டிக்கொண்டிருந்தால்?
தான் புள்ளி என்று நம் புள்ளிகளுக்குத் தெரியுமா?
அசல் உலகம் ஒன்று, நகல் கோடி,
நாம் அசலில் இருக்க வாய்ப்பு எவ்வளவு, கணக்குப் போடு.
சாய்க்குக் காசு யார் கொடுப்பது என்ற இடத்தில்
அந்தக் கணக்கு நின்றது.
நான் கொடுத்தேன். மீதி ஒரு ரூபாய்க்கு
இஞ்சி மிட்டாய் தந்தார் கடைக்காரர்.
காரமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மழை.
கர்ரி ரோட்டில் ஏறி, ஹார்பர் லைனுக்கு மாற
குர்லாவில் இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்கு;
இறக்கப்பட்டேன்.
பாலத்தில் யாருடைய டிபன் டப்பாவோ என் விலாவில்.
என்னை அறியாமல் தூண்களை எண்ணிக்கொண்டு போனேன்.

ஆறாவதில் ஒரு பெண் குனிந்திருந்தாள்.
செருப்பு வார் அறுந்திருந்தது. பல்லிடுக்கில் ஊக்கு.
கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை:
வைஜயந்தி சுர்வே, ரத்தப் பரிசோதனைக் கூடம்.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.
கூட்டத்துக்கு முதுகைக் காட்டி,
தூணைப் பிடித்துக்கொண்டு, நின்றேன்.
முதுகில் பைகள் இடித்தன. மூன்று மொழிகளில் வசவு;
அதில் ஒன்று நம்முடையது.
பதினோரு நிமிடமெல்லாம் இல்லை,
நாற்பது நொடி இருக்கும்.
"ஜாலா," என்றாள். போய்விட்டாள்.

மான்குர்ட் அறையில் குர்த்தாவைத் தூக்கிப் பார்த்தேன்.
விலாவில் டப்பாவின் விளிம்பு,
நாவல்பழ நிறத்தில்.
அழுத்தினேன், வலித்தது. மறுபடி அழுத்தினேன்.

இது சாட்சி ஆகாது.
வலியையும் எழுதிவிடலாம், நாலு வரி போதும் என்பான்.
எழுதட்டும்.
ஆனால் ஜிக்னேஷ், என் மொழியில் ஒரு சங்கடம்:
மெய் என்றால் உண்மை.
மெய் என்றால் உடம்பு.
வேறு வேறு சொல் தேட எங்கள் ஆட்களுக்கு
நேரம் இல்லையோ, மனம் இல்லையோ.
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
அதற்கும் அதே பெயர்.
தாராவி முனிசிபல் பள்ளியில், மூன்றாம் வகுப்பில்,
புள்ளி வைக்க மறந்து
அரை மதிப்பெண் இழந்தவள் நான்.

இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும்.
அந்த நாற்பது நொடியில் உன் கேள்வி
எனக்கு நினைவுக்கே வரவில்லை, அவ்வளவுதான்.
அதற்கு அங்கே இடம் இல்லை.
அப்படி ஒரு நெரிசல்.

இன்று காலை நானூற்றுப் பதினேழைத் திறந்தேன்.
அழிக்கவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
பிழை என்றிருந்ததை நீக்கிவிட்டு
'செருப்பு அறுந்தது' என்று எழுதி
மேலே அனுப்பிவிட்டேன்.